காய்ச்சல் கணக்கு: ஃப்ளூ பற்றிய கேள்விகளும் பதில்களும்

வணக்கம். சமுதாய மருத்துவம் படித்துவிட்டு மாவட்ட அளவில் தொற்றுநோய்க் கண்காணிப்பு வேலை பார்ப்பவள் நான். ஃப்ளூ காய்ச்சல் பரவும் விதம், அரசு அதை எப்படிக் கணக்கெடுக்கிறது, நாம் எப்படித் தப்பிப்பது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். தனிப்பட்ட முறையில் யாருக்கும் மருந்து எழுதப் போவதில்லை. அதற்கு உங்களை நேரில் பார்க்கும் டாக்டர்தான் சரி.

டாக்டர், எங்கள் அபார்ட்மெண்டில் பாதி வீடுகளில் காய்ச்சல். செய்தியில் பார்த்தால் மாவட்டத்துக்கே முப்பது பேர் என்கிறார்கள். மறைக்கிறார்களா? (தாம்பரம்)

மறைப்பதாக நான் நினைக்கவில்லை. அந்த முப்பது என்பது ஆய்வகத்தில் உறுதியானவர்களின் எண்ணிக்கை. யாருக்கெல்லாம் பரிசோதனை செய்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

ஃப்ளூவுக்கான மத்திய அரசின் வழிகாட்டுதல் நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரிக்கிறது. லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி என்றால் ஏ. பரிசோதனை வேண்டாம், ஃப்ளூ மாத்திரையும் வேண்டாம், வீட்டில் ஓய்வு போதும். காய்ச்சல் கடுமையாக இருந்தாலோ, நோயாளி முதியவர், கர்ப்பிணி, சிறு குழந்தை, சர்க்கரை அல்லது இதய நோய் உள்ளவர் என்றாலோ பி. இவர்களுக்கு டாக்டர் பார்த்து ஒசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ மாத்திரையைத் தொடங்கலாம், அப்போதும் பரிசோதனை கட்டாயமில்லை. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ரத்த அழுத்தம் இறங்குவது, நகம் நீலமாவது போன்றவை வந்தால் சி. இவர்களைத்தான் உடனே மருத்துவமனையில் சேர்த்து, தொண்டையிலும் மூக்கிலும் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம்.

உங்கள் அபார்ட்மெண்டில் படுத்திருக்கும் பெரும்பாலோர் ஏ வகையாக இருப்பார்கள். அவர்கள் அந்த முப்பதில் வரவே மாட்டார்கள். அந்த எண்ணை "இவ்வளவு பேருக்குத்தான் ஃப்ளூ" என்று படிக்கிறவர்களும் தவறு, அதைப் பார்த்து "பொய்க் கணக்கு" என்கிறவர்களும் தவறு. பத்திரிகைகள் தவறாமல் போட வேண்டியது இன்னொரு எண்: பரிசோதித்த நூறு மாதிரிகளில் எத்தனையில் ஃப்ளூ வந்தது என்பது. போன வாரம் 5, இந்த வாரம் 20 என்றால் ஊரில் உண்மையாகவே ஏறுகிறது. வெறும் எண்ணிக்கை, பரிசோதனையை இரட்டிப்பாக்கினாலே கூடிவிடும்.

அப்படியானால் எல்லோருக்கும் பரிசோதனை செய்துவிட்டால் உண்மை தெரிந்துவிடுமே? (அதே அன்பர்)

தேவையில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனால் அந்தச் சோற்றை ஒவ்வொரு வாரமும் ஒரே மாதிரி எடுக்க வேண்டும்.

குறிப்பிட்ட சில மருத்துவமனைகளில், பத்து நாட்களுக்குள் தொடங்கிய 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சலும் இருமலுமாக வருபவர்களைத் தனியே எண்ணுகிறோம். அதே அறிகுறிகளோடு படுக்கையில் சேர்க்க வேண்டிய நிலையில் வருபவர்கள் இன்னொரு கணக்கு. இரண்டிலிருந்தும் கொஞ்சம் மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் கிண்டி கிங் நிறுவனம் 1899 முதல் இருக்கிறது, ஃப்ளூ பரிசோதனையில் அதற்கு நெடுநாள் பழக்கம். புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் வைரஸின் மரபணு எங்கே மாறியிருக்கிறது என்பது வரை பார்க்கும். அங்கிருந்து தகவல் உலக சுகாதார அமைப்பின் கண்காணிப்பு வலைப்பின்னலுக்குப் போகிறது. 1952-இல் தொடங்கியது அது. அடுத்த பருவத்துத் தடுப்பூசியில் எந்த வைரஸைச் சேர்ப்பது என்று முடிவாவது இந்த மாதிரிகளை வைத்துத்தான்.

மேடம், நான் கிராம சுகாதார செவிலியர். காய்ச்சல் கணக்கைத் தினமும் ஆன்லைனில் ஏற்றுகிறோம். யாராவது அதைப் பார்க்கிறார்களா? (திருவண்ணாமலை மாவட்டம்)

பார்க்கிறோம் சிஸ்டர். இந்தக் கேள்வியில் இருக்கும் அலுப்பு எனக்குப் புரிகிறது.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாடு தழுவிய நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004-இல் தொடங்கியது. மூன்று படிவங்கள் உண்டு. எஸ் படிவத்தில் களப்பணியாளர் அறிகுறியை மட்டும் பதிகிறார். பி படிவத்தில் டாக்டர் தன் சந்தேகத்தைப் பதிகிறார். எல் படிவத்தில் ஆய்வகம் முடிவைப் பதிகிறது. முன்பெல்லாம் வாரம் ஒருமுறை தாளில் வந்தது. 2021-இல் புதிய இணையதளம் வந்த பிறகு அன்றன்றைக்கே வருகிறது.

இந்த மூன்றில் முதலில் அசைவது உங்கள் எஸ் படிவம்தான். ஆய்வக முடிவு கைக்கு வருவதற்குள் நாட்கள் ஓடிவிடும். ஃப்ளூ ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போய் அறிகுறி காட்ட சராசரியாக இரண்டு நாள் போதும். ஒரு துணை சுகாதார நிலையத்தில் வழக்கமாக வாரத்துக்கு நான்கைந்து காய்ச்சல் என்றிருந்து, திடீரென்று இருபது ஆனால், என்ன வைரஸ் என்று தெரியும் முன்பே ஆளனுப்பலாம். இன்னொன்று: காய்ச்சலே இல்லாத நாளில் பூஜ்யம் என்று பதியுங்கள். வெற்றிடமாக விட்டால் நோய் இல்லையா, சிஸ்டர் லீவா என்று எங்களுக்குத் தெரியாது.

2023-இல் எச்3என்2 வகை ஃப்ளூ வந்தபோது புதுச்சேரியில் பள்ளிகளை மூடினார்கள், நம் பக்கம் மூடவில்லை. எது சரி டாக்டர்? (ஆசிரியை, விழுப்புரம்)

அந்த ஆண்டு மார்ச் 16 முதல் 26 வரை புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை விடுமுறை விட்டார்கள். தமிழ்நாட்டில் மார்ச் 10 அன்று ஒரே நாளில் ஆயிரம் இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்தினார்கள். எனக்கு இரண்டாவது வழிதான் பிடித்தது. ஃப்ளூவைச் சீக்கிரம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவருபவர்கள் குழந்தைகள் என்பது உண்மை. ஆனால் பருவகால ஃப்ளூவுக்காகப் பத்து நாள் மூடினால் பிள்ளைகள் தெருவில் ஒன்றாக விளையாடுவார்கள், அம்மா வேலைக்குப் போனால் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போவார். நாம் காப்பாற்ற வேண்டிய முதல் ஆள் அந்தப் பாட்டிதான். வழக்கத்தை விடக் கடுமையான, புதிய வைரஸ் என்றால் கணக்கு வேறு.

உங்கள் கையில் ஒரு நல்ல கருவி இருக்கிறது டீச்சர், வருகைப் பதிவேடு. ஒரு வகுப்பில் ஒரே வாரத்தில் ஏழெட்டுப் பேர் காய்ச்சலால் வரவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு போன் போடுங்கள். கூடவே ஒரு வேண்டுகோள்: நூறு சதவீத வருகைக்குப் பரிசு கொடுக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். அந்தப் பரிசுக்காகவே காய்ச்சலோடு வரும் பிள்ளைகள் உண்டு. பாரசிட்டமால் போடாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு பள்ளிக்கு வந்தால் போதும்.

அப்போது டிவியில் பத்துக்கு ஒருவருக்கு ஆக்சிஜன் வேண்டும் என்று சொன்னதாக ஞாபகம். நிஜமாகவே அவ்வளவு மோசமா? (மதுரை)

பாதிதான் காதில் விழுந்திருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொன்னது, எச்3என்2 கண்டு *மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில்* ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு ஆக்சிஜனும் 7 சதவீதம் பேருக்குத் தீவிர சிகிச்சையும் தேவைப்பட்டது என்பது. சேர்க்கப்பட்டவர்களே மொத்தத்தில் சின்னப் பகுதி. சதவீதம் என்று யார் சொன்னாலும் எதில் சதவீதம் என்று கேளுங்கள். அதற்காக ஃப்ளூவை லேசாகவும் எண்ண வேண்டாம். உலக அளவில் ஆண்டுதோறும் 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை ஃப்ளூவோடு தொடர்புடைய சுவாசக் கோளாறுகளால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு. அதை மதிப்பீடு என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் நிமோனியா, மாரடைப்பு என்று இறப்புச் சான்றிதழில் எழுதும் பல மரணங்களுக்குப் பின்னால் பரிசோதிக்கப்படாத ஃப்ளூ இருக்கும்.

அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரையும் இருக்கிறது. ஃப்ளூ தடுப்பூசி போடலாமா? எந்த மாதம்? (திருச்சி)

போடலாம், போட வேண்டும். எந்த மாதம் என்பதுதான் முக்கியமான கேள்வி. டெல்லி, கொல்கத்தா, புனே பக்கம் ஃப்ளூ தென்மேற்குப் பருவமழையோடு ஏறும். ஸ்ரீநகரில் குளிர்காலத்தில். சென்னை, வேலூர் பக்கம் பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில். ஊசி போட்ட பிறகு எதிர்ப்பு சக்தி வர இரண்டு வாரமாகும். எனவே நம்மூருக்குச் செப்டம்பருக்குள் போட்டுவிடுவது நல்லது. தாமதமானாலும் போடாமல் விட வேண்டாம். 2023-இல் பார்த்தோமே, பிப்ரவரி, மார்ச்சிலும் ஓர் அலை வரும்.

வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார அமைப்பு பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும் புதிய கலவையை அறிவிக்கிறது. கிளினிக்கில் போனால் இருப்பதிலேயே புதிய கலவையா, காலாவதித் தேதி என்ன என்று பார்த்துக் கேளுங்கள். "நான்கு வைரஸ் ஊசி இல்லை, மூன்றுதான் இருக்கிறது" என்றால் கவலை வேண்டாம். நான்காவதாக இருந்த யமகட்டா என்ற பி வகை ஃப்ளூ வைரஸ் 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கும் உறுதியாகவில்லை, அதனால் அது இனித் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

எவ்வளவு காக்கும் என்று நேர்மையாகச் சொல்கிறேன். கலவை பொருந்தினால் டாக்டரிடம் போகும் அளவு ஃப்ளூ வரும் வாய்ப்பு 40 முதல் 60 சதவீதம் குறையும். முதியவர்களுக்கு இதை விடக் குறைவு, எச்3என்2 விஷயத்தில் இன்னும் குறைவு. அந்த வைரஸ் வேகமாக மாறுகிறது, தடுப்பூசிக்காகக் கோழிமுட்டையில் வளர்க்கும்போதும் கொஞ்சம் மாறிவிடுகிறது. ஆனாலும் அப்பா ஐசியூ வரை போகும் வாய்ப்பைக் குறைக்கும். அது போதாதா?

ஆறு மாத கர்ப்பிணி. பயமாக இருக்கிறது. (ஈரோடு)

ஊசி போட்டுக்கொள்ளலாம் அம்மா, கர்ப்பத்தின் எந்த மாதத்திலும். பிறக்கும் குழந்தைக்கும் முதல் சில மாதங்கள் பாதுகாப்பு கிடைக்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நேரடியாக ஊசி போட வழியில்லை. காய்ச்சல் வந்தால் மட்டும் "பார்க்கலாம்" என்று இருக்காதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். காய்ச்சல் என்று வருகிறவர்கள் எல்லோரும் அசித்ரோமைசின் கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். (சேலம்)

உங்கள் சங்கடம் தெரிகிறது. ஆனால் ஃப்ளூ வைரஸுக்கு அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. 2023 மார்ச்சில் இந்திய மருத்துவ சங்கமே இதை அறிக்கையாக வெளியிட்டது: காய்ச்சல் மூன்று நாளில் போய்விடும், இருமல் மூன்று வாரம் வரை இருக்கும், ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று. அந்த மூன்று வார இருமல்தான் ஜனங்களை உங்கள் கடைக்குத் துரத்துகிறது. சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கேட்டால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள், ஃப்ளூவின்போது அது கல்லீரலையும் மூளையையும் பாதிக்கக்கூடும். ஒசெல்டாமிவிரும் அப்படித்தான், டாக்டர் சொல்லாமல் விற்கக் கூடாது. வேண்டியவர்களுக்கு அது முதல் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தால் பலன் அதிகம்.

நிலவேம்பு குடித்தால் ஃப்ளூ வராதா? (பலர்)

குடிப்பதை நான் தடுக்கவில்லை, எங்கள் வீட்டிலும் போடுகிறார்கள். ஆனால் அதை நம்பி ஊசியை விடாதீர்கள், மூச்சுத்திணறும்போது அதைக் குடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

தனியார் லேபில் ஃப்ளூ டெஸ்ட் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். எடுக்கவா? (கோவை)

இளம் வயது, லேசான காய்ச்சல் என்றால் முடிவு எதுவானாலும் சிகிச்சை ஒன்றுதான். பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

சிறு வயதில் கப்பலில் காய்ச்சல் வந்தது என்று பெரியவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். அது ஃப்ளூவா டாக்டரம்மா? (ஓய்வுபெற்ற தபால் ஊழியர், நாகப்பட்டினம்)

அருமையான கேள்வி ஐயா. அது 1957-ஆம் ஆண்டின் ஆசிய ஃப்ளூவாகத்தான் இருக்க வேண்டும். அந்த மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த ராஜுலா கப்பலில் காய்ச்சல் நோயாளிகள் இருந்தார்கள். நாகப்பட்டினத்துக்கும் வந்துபோன கப்பல் என்பதால், உங்கள் ஊர்க்காரர்களுக்கு ராஜுலாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அப்போது இந்தியாவின் இன்ஃப்ளூயன்சா மையம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்தது. சில வாரங்களில் நோய் நாடெங்கும் பரவிவிட்டது. அடுத்த பிப்ரவரிக்குள் பதிவானவர்கள் மட்டும் ஏறத்தாழ 44 லட்சம். பதிவாகாதவர்கள் எத்தனை மடங்கு என்று முதல் கேள்விக்கான பதிலைப் படித்தால் நீங்களே ஊகிக்கலாம். கப்பலில் இன்ன நோய் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே ஃப்ளூ பரவத் தொடங்கிவிடும் என்பதுதான் அதற்கு முக்கியக் காரணம். விமான நிலையத்தில் நெற்றிக்கு நேரே கருவியைக் காட்டிப் பார்ப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லாததும் அதனால்தான்.

வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டது, அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. என்ன செய்வது? (வேலூர்)

காய்ச்சல்காரர் தனி அறையில் படுக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். ஒரே அறை வீடு என்றால் இருவரும் மாஸ்க் போடுங்கள், அம்மாவின் படுக்கையை ஜன்னல் பக்கம் மாற்றுங்கள். காய்ச்சல்காரர் ஐந்து முதல் ஏழு நாள் அம்மாவுக்குச் சாப்பாடு பரிமாற வேண்டாம், டயாலிசிஸுக்கு உடன் போகவும் வேண்டாம். போனால் அந்த அறையில் இருக்கும் எல்லோருக்கும் ஆபத்து. டயாலிசிஸ் யூனிட்டுக்கு இன்றே போன் செய்து வீட்டில் காய்ச்சல் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், முன்னெச்சரிக்கையாக ஒசெல்டாமிவிர் வேண்டுமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். சிறுநீரக நோயாளிக்கு அளவு வேறு, அதனால் வீட்டில் இருக்கும் மாத்திரையை எடுத்துக் கொடுக்காதீர்கள். அம்மாவுக்கு மூச்சு வாங்கினாலோ, குழப்பமாகப் பேசினாலோ, காய்ச்சல் விட்டு மறுபடி ஏறினாலோ, ஆக்சிமீட்டரில் 94-க்குக் கீழே காட்டினாலோ, காலை வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.