கிராமத்துல ரிட்டையர் லைஃப்: நீங்க கேட்டதும் நான் சொன்னதும்

கேள்வி: சார், ரிட்டையர் ஆகி கிராமத்துக்கு வந்து நாலு மாசம் ஆச்சு. முதல் மாசம் சொர்க்கம். இப்ப சாயங்காலம் நாலு மணி ஆனா என்ன பண்றதுன்னே தெரியல, வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துட்டே இருக்கேன். அவசரப்பட்டு வந்துட்டேனோ? (கணக்கு பாத்து ஓய்வு பெற்றவர்)

பதில்: அவசரமெல்லாம் இல்ல சார், எல்லாருக்கும் இந்த நாலு மணி வரும். அமெரிக்காவுல ராபர்ட் அட்ச்லின்னு ஒரு சமூகவியல்காரர் 1970கள்லயே இதைப் பிரிச்சு எழுதி வச்சிட்டார், முதல்ல தேனிலவு, அப்புறம் சப்புன்னு ஆகிடும், அதுக்கப்புறம் தான் மெதுவா ஒரு ஒழுங்கு பிடிபடும்னு. நீங்க இப்ப ரெண்டாவதுல நிக்கறீங்க, நான் அதுல எட்டு மாசம் நின்னேன், உங்களை விட மோசம். வந்த புதுசுல ஒரு நோட்டு போட்டு ஆறுலேருந்து ஏழு வாக்கிங், ஏழுலேருந்து எட்டு தோட்டம்னு டைம்டேபிள் எழுதி, முடிச்சதுக்கெல்லாம் டிக் அடிச்சுட்டு இருந்தேன். செடிக்குத் தண்ணி ஊத்திட்டு டிக் அடிக்க உள்ள ஓடுற ஆளைப் பாத்திருக்கீங்களா, அது நான் தான். ஆபீஸை நான் விட்டுட்டேன், அது என்னை விடல!

மாறுனது ஒரு சிட்டுக்குருவியால. மீட்டர் பாக்ஸுக்குப் பின்னாடி வைக்கோலா கொண்டு வந்து திணிச்சிட்டு இருந்துச்சு, முதல் ரெண்டு நாள் குப்பைன்னு நானே எடுத்துப் போட்டேன், மூணாவது நாள் பாவமா இருந்துச்சு, விட்டுட்டேன். முட்டை பொரிய ரெண்டு வாரம், குஞ்சு பறக்க இன்னொரு ரெண்டு வாரம் கிட்ட ஆகும், அவ்வளவு நாளும் நாலு மணிக்கு நாற்காலியைப் போட்டு அங்க தான் உக்காந்திருந்தேன். ஆணும் பொண்ணும் மாத்தி மாத்தி புழு கொண்டு வந்து குடுக்குது, நமக்கு அதுல ஒரு வேலையும் இல்ல, ஆனா பூனை வருதான்னு பாக்கற வாட்ச்மேன் உத்தியோகம் மட்டும் தானா வந்து ஒட்டிக்கிச்சு. நோட்டு எங்க போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

அதனால உங்களுக்கு நான் புது ஹாபி எதுவும் சொல்லப் போறதில்ல. நீங்க அவசரப்படுத்தினாலும் அவசரப்படாத ஒண்ணை, ஒரே ஒண்ணை, தினமும் போய்ப் பாருங்க, கூடோ கொடியோ எதுவா இருந்தாலும் சரி. ரோமாபுரியில டயோக்ளீஷியன்னு ஒரு சக்கரவர்த்தி 305ல தானா பதவியை விட்டுட்டு கடற்கரையோரமா போய் செட்டில் ஆனார், திரும்ப வந்து ஆளுங்கன்னு கூப்பிட்டப்ப நான் கையால வளர்த்த முட்டைக்கோஸை வந்து பாத்தா இப்படிக் கேக்க மாட்டீங்கன்னு சொன்னதா ஒரு கதை உண்டு. சக்கரவர்த்திக்கே அவ்வளவு தான் தேவைப்பட்டிருக்கு, நாம கணக்கு பாத்தவங்க தானே.

கேள்வி: அவர் ரிட்டையர் ஆனாலும் ஆனார், என் நிம்மதி போச்சு. அடுப்படிக்குள்ள வந்து டப்பாவையெல்லாம் சைஸ் வாரியா அடுக்கறார், நான் கொல்லைக்குப் போனா பின்னாடியே வர்றார். என்ன செய்ய? (ஒரு வாசகி)

பதில்: அம்மா, ஜப்பான்ல இதுக்குப் பேரே வச்சிருக்காங்க, ‘நனைஞ்ச சருகு’ன்னு. பெருக்கினாலும் போகாம துடைப்பத்துலயே ஒட்டிக்கும் பாருங்க, ரிட்டையர் ஆன புருஷன்மாரை அப்படித்தான் சொல்றாங்களாம். இதை என் வீட்டுல படிச்சுக் காட்டினேன், அவங்க சிரிச்ச சிரிப்புல நான் எந்த நிலைமையில இருந்தேன்னு எனக்கே புரிஞ்சு போச்சு. அடுப்படி உங்க எல்லை, அதை வெளிப்படையா சொல்லிடுங்க, பதிலுக்கு அவருக்கும் ஒரு எல்லை குடுங்க, கிணத்தடியோ வேலியோ எதுவோ, அங்க அவர் எப்படி அடுக்கினாலும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது. இந்த ரெண்டாவது பாதி தான் கஷ்டம்.

கேள்வி: பக்கத்து வீட்டு சேவல் ராத்திரி மூணு மணிக்கே கூவுது. அதுக்கு நேரம் தெரியாதா?

பதில்: உங்களை விட நல்லாவே தெரியும். வெளிச்சம் வந்தா தான் கூவும்னு தான் நானும் நினைச்சிருந்தேன், ஜப்பான்ல நகோயா பல்கலைக்கழகத்துக்காரங்க சேவல்களை எப்பவும் மங்கலா இருக்கற அறையில வச்சுப் பாத்தாங்க, சூரியனே தெரியாட்டியும் அதோட உடம்புக்குள்ள ஓடுற கடிகாரப்படி கூவுச்சு, 2013ல வெளியிட்டாங்க. கூட்டத்துல மத்ததையெல்லாம் அடக்கி வச்சிருக்கற தலைவர் சேவல் முதல்ல கூவும், மத்ததெல்லாம் வரிசைப்படி தான்னும் அப்புறமா கண்டுபிடிச்சாங்க. ஆக அங்கயும் சீனியாரிட்டி இருக்கு சார். காதுல பஞ்சு வைங்க.

கேள்வி: உரக்குழி போட்டு ரெண்டு மாசம் ஆச்சு, மக்கவே இல்ல, நாத்தம் மட்டும் தாங்கல. விட்டுடலாமா?

பதில்: நாத்தம் வருதுன்னா பச்சைக் கழிவு ஜாஸ்தி, காத்து கம்மி, ஈரமும் ஜாஸ்தியா இருக்கும். பச்சை ஒரு பங்குன்னா காஞ்ச சருகு ரெண்டு மூணு பங்கு போடுங்க, வாரம் ஒருதடவை முள்ளுக் கரண்டியால புரட்டி விடுங்க. கையில எடுத்துப் பிழிஞ்சா ஒண்ணு ரெண்டு சொட்டு வரணும், ஒழுகக் கூடாது. சரியா அமைஞ்சா குவியலோட நடுவுல 55 டிகிரி செல்சியஸுக்கு மேலயே போகும். ஒரு பனிக்காலத்துக் காலையில நான் புரட்டினப்ப ஆவி எழும்பிச்சு, பக்கத்துல நின்னு கையைக் காட்டிக் குளிர் காஞ்சுட்டு நின்னேன், குப்பையைப் பாத்து அவ்வளவு பெருமைப்பட்டது வாழ்க்கையில அதான் முதல் தடவை. மேல இருக்கற கேள்வியில வந்த சருகுக்கும் இங்க வேலை இருக்குன்னு அந்த அம்மாகிட்ட யாராவது சொல்லுங்க.

கேள்வி: லீவுக்கு வர்ற பேரன் போனை விட்டு நிமிர மாட்டேங்கறான். இங்க அவனுக்கு என்ன காட்டறது?

பதில்: அமாவாசையை ஒட்டி வரச் சொல்லுங்க. மொட்டை மாடியில பாயைப் போட்டுப் படுங்க, லைட் எல்லாம் ஆஃப். கண்ணு இருட்டுக்குப் பழக 20லேருந்து 30 நிமிஷம் ஆகும், நடுவுல ஒரே ஒருதடவை ஸ்கிரீனைப் பாத்தாலும் திரும்ப முதல்லேருந்து தான், அதனால போனைப் பிடுங்க வேண்டிய வேலை உங்களுக்கில்ல, நட்சத்திரமே பாத்துக்கும். பொழுது சாஞ்ச கொஞ்ச நேரத்துல சிமிட்டாம நேரா நகர்ற வெளிச்சம் தெரிஞ்சா அது சாட்டிலைட், ரொம்ப பிரகாசமா இருந்தா சர்வதேச விண்வெளி நிலையமா இருக்கலாம், 400 கிலோமீட்டர் உயரத்துல ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருதடவை பூமியைச் சுத்துது, உள்ள ஆளுங்க இருக்காங்க. என் பேத்தி அதைப் பாத்துக் கையாட்டினா, ‘அவங்களுக்குத் தெரியுமா தாத்தா’ன்னு கேட்டா, தெரியும்னு பொய் சொல்லிட்டேன்.

கேள்வி: வயசான காலத்துல தனியா அங்க, ராத்திரி பூச்சி பொட்டு, பயமா இல்லையா?

பதில்: இருக்கு. அதனால இருட்டினா டார்ச்சும் மூடின செருப்பும் இல்லாம கொல்லைக்குப் போறதில்ல, ஏணி ஏறுறதை விட்டுட்டேன், தடுப்பூசி போட்ட தேதியை காலண்டர்ல குறிச்சு வச்சிருக்கேன். பாம்பு கடிச்சா இறுக்கிக் கட்டறது, கீறுறது, வாயால உறிஞ்சறது எதுவும் வேண்டாம், கடிபட்ட இடத்தை அசைக்காம நேரா ஆஸ்பத்திரி. வண்டி வச்சிருக்கற ரெண்டு பேரோட நம்பர் சுவத்துல பெருசா எழுதியிருக்கு. பயத்துக்கு இவ்வளவு செஞ்சாச்சு, மிச்ச நேரத்துக்கு அதை உள்ள விடறதில்ல.

கேள்வி: நகரத்துல லாரி சத்தத்துல தூங்கினேன், இங்க சில்வண்டு சத்தத்துல தூக்கம் வரல. வழி சொல்லுங்க.

பதில்: கத்துறது ஆண் பூச்சி தான், இறக்கையோட இறக்கையை உரசி ஜோடியைக் கூப்பிடுது. வெக்கை கூடினா வேகமா கத்தும், குளிர்ல இழுத்து இழுத்துக் கத்தும். இதை வச்சு டால்பேர்னு ஒருத்தர் 1897ல ஒரு கணக்கே போட்டார், நிமிஷத்துக்கு எத்தனை தடவை கத்துதுன்னு எண்ணினா வெப்பநிலை சொல்லிடலாம்னு. எல்லா வகைப் பூச்சிக்கும் அந்தக் கணக்கு ஒத்து வராது. நானும் ஒரு ராத்திரி வாட்சைக் கையில பிடிச்சுட்டு எண்ண ஆரம்பிச்சேன், முப்பத்தி ரெண்டு வரைக்கும் ஞாபகம் இருக்கு, அப்புறம் கண்ணைத் திறந்தா சேவல் கூவிட்டு இருந்துச்சு.