பிஸ்டன் இருக்கட்டும், முதலில் ஸ்பிரிங்

கேள்வி: மேடுபள்ளமான மண் ட்ராக்கில் பந்தயம் ஓட்டும் 250 சிசி நான்கு ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் பைக் வைத்திருக்கிறேன், இது இரண்டாவது சீசன். வளைவுக்குள் என்னோடு ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள் நேர்ப்பாதை வந்ததும் என்னை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். கையில் இருக்கும் பணத்துக்கு எஞ்சினில் ஹை கம்ப்ரஷன் பிஸ்டன், கேம், முழு எக்ஸாஸ்ட் போடலாம். இல்லாவிட்டால் முன்னும் பின்னும் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷனில் வேலை பார்க்கலாம். இரண்டும் முடியாது. கூட ஓட்டுகிறவர்கள் எல்லோரும் எஞ்சின் என்கிறார்கள். சஸ்பென்ஷன் எல்லாம் பெரிய ரைடர்களுக்குத்தானே? (என் எடை 88 கிலோ. பைக்கில் இதுவரை எதையும் மாற்றவில்லை, கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது.)

பதில்: அடைப்புக்குறிக்குள் போட்டு ஓரமாக ஒதுக்கியிருக்கிறீர்களே, அந்த இரண்டு வரிகள்தான் விஷயமே.

இந்த வகை பைக்குகள் பெரும்பாலும் 70 முதல் 80 கிலோ வரை எடையுள்ள ரைடரை மனதில் வைத்து ஸ்பிரிங் போட்டு வருகின்றன. நீங்கள் 88. ஹெல்மெட், பூட்ஸ், கவசம் எல்லாம் மாட்டினால் 95-ஐத் தாண்டிவிடுவீர்கள். அப்படி ஏறி உட்கார்ந்தால் பின்பக்கம் அளவுக்கு மேல் அமுங்கும், முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், முன்சக்கரத்தில் பாரம் இருக்காது; வளைவில் திருப்பினால் பைக் உள்கோட்டில் நிற்காமல் வெளியே வெளியே போகும். அதைப் பிடித்து நிறுத்தி, நேராக்கி, அப்புறம்தான் ஆக்சிலரேட்டரைத் திறக்கிறீர்கள். பக்கத்தில் வந்தவர் உங்களுக்கு முன்பே திறந்துவிட்டார். நேர்ப்பாதையில் அவர் விலகிப் போவது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் இழப்பு நடந்தது வளைவின் நடுவில். அந்த இடத்தில் இரண்டு மூன்று குதிரைத்திறன் கூடுதலாக இருந்து என்ன பயன், திறக்கவே முடியாதபோது?

நம்பிக்கை வராவிட்டால் ஒரு டேப்பை எடுங்கள். பைக்கை ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தைத் தொங்கவிட்டு, சக்கர அச்சிலிருந்து நேர் மேலே பின் மட்கார்டில் ஒரு புள்ளி குறித்து, இடையில் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் கீழே இறக்கி, முழு கவசத்தோடு ஏறி, ஃபுட்பெக்கில் நின்று நன்றாகக் குலுக்கிவிட்டு, வழக்கமாக ஓட்டும் இடத்தில் உட்காருங்கள். ஒருவர் பைக்கைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அதே இரண்டு புள்ளிகளை அளக்கட்டும். வித்தியாசம் 100-லிருந்து 105-க்குள் இருக்கவேண்டும். உங்களுக்கு அதைவிட நிறையவே வரும் என்று எதிர்பார்க்கிறேன். சரி, பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே நெருக்கி வைக்கும் வளையத்தை, முறுக்கி 105-க்குக் கொண்டுவந்துவிடலாமே என்பீர்கள். கொண்டுவரலாம். இப்போது நீங்கள் இறங்கி, பைக் தன் எடையில் மட்டும் எவ்வளவு அமுங்குகிறது என்று பாருங்கள். 30 முதல் 40 மில்லிமீட்டர் வந்தால் ஸ்பிரிங் உங்களுக்குப் பொருந்துகிறது. 15, 20 என்று வந்தால்தான் பலர் ஏமாறுகிறார்கள்: "அசையவே மாட்டேங்குது, ஸ்பிரிங் ரொம்ப இறுக்கம், மென்மையானது வேண்டும்" என்று கிளம்புவார்கள். உண்மை நேர் எதிர். மென்மையான ஸ்பிரிங்கைத்தான் அத்தனை சுற்று நெருக்கி வைத்திருக்கிறீர்கள், அதனால்தான் அது மேலே முட்டிக்கொண்டு நிற்கிறது. உங்களுக்கு வேண்டியது கடினமான ஸ்பிரிங்.

முன்பக்கத்துக்கு இன்னும் எளிது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் குழாயில் ஒரு பிளாஸ்டிக் டையைக் கட்டி, சீல் வரை தள்ளிவிட்டு நாலு சுற்று ஓட்டுங்கள். சுமார் 300 மில்லிமீட்டர் பயணம், அதாவது சக்கரம் ஏறி இறங்கும் தூரம், கொடுத்திருக்கிறார்கள். பெரிய ஜம்ப்பில் எப்போதாவது கடைசி வரை போனால் நல்லது, போகத்தான் வேண்டும். பிரேக் பிடிக்கும் இடத்தில் உருவாகும் சாதாரண மேட்டுக்கே டை கடைசியில் போய் நின்றால் முன் ஸ்பிரிங்கும் போதவில்லை.

இன்னொன்று: இரண்டாவது சீசன், எதையும் மாற்றவில்லை என்றால் ஃபோர்க் ஆயிலும் மாற்றவில்லை என்றுதானே அர்த்தம்? எஞ்சின் ஆயிலை நாள் பார்த்து மாற்றுகிறவர்கள் ஃபோர்க்குக்குள் இருப்பதும் ஆயில்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். கழற்றிப் பாருங்கள், உலோகத் துகளோடு சாம்பல் நிறத்தில் ஒழுகும். பின் ஷாக்கைத் தாங்கும் இணைப்பான லிங்கேஜின் பேரிங்கும் கிரீஸ் காய்ந்து கிடக்கும், பந்தயம் கட்டுகிறேன். ஆகவே சர்வீஸ், அடுத்து எடைக்கேற்ற ஸ்பிரிங், அதற்கப்புறம் கிளிக்கர், அதாவது ஸ்பிரிங் அமுங்கி விரியும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு. உள்ளே ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய தகடுகளை (ஷிம்) மாற்றி ரீவால்வ் செய்வதெல்லாம் அதற்கும் பிறகு, தேவைப்பட்டால். தங்க நிறத்தில் பூச்சுப் பூசிய ஃபோர்க் வாங்கச் சொல்லவில்லை. அது பெரிய ரைடர்களுக்குத்தான், அந்த அளவில் நீங்கள் சொன்னது சரி.

கிளிக்கரைத் தொடும்போது முழுக்க மூடி எத்தனை கிளிக் வருகிறது என்று எண்ணிக் குறித்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், இரண்டு கிளிக் மாற்றுங்கள். வரிசையாக மேடு வரும் இடத்தில் போகப் போகப் பின்பக்கம் இறுகி முரடாகிறது என்றால் ரீபவுண்ட், அதாவது அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப விரிவது, மெதுவாக இருக்கிறது, அடுத்த மேட்டுக்குள் சக்கரம் இறங்கி முடிக்கவில்லை. பின்பக்கம் உங்களைத் தலைக்கு மேலே உதைக்கிறது என்றால் ரீபவுண்ட் அதிவேகம். முன்கை கல்லாக இறுகி விரல் மடங்காமல் போவதில்கூட ஃபோர்க்குக்குப் பங்கு உண்டு. உடற்பயிற்சி போதவில்லை என்று உங்களை மட்டும் நொந்துகொள்ளாதீர்கள்.

இது என் சொந்தப் பிடிவாதம் என்று நினைக்கவேண்டாம். 1970-களின் தொடக்கத்தில் இந்த பைக்குகளின் பின்சக்கரம் சுமார் 100 மில்லிமீட்டர்தான் ஏறி இறங்கும். பெல்ஜியத்தைச் சேர்ந்த லூசியன் டில்கென்ஸ் உருவாக்கிய ஒற்றை ஷாக் அமைப்பை யமஹா வாங்கிப் போட்டது. 1973-இல் ஸ்வீடன் நாட்டு ஹாக்கன் ஆண்டர்சன் அந்த பைக்கில் 250 சிசி உலகப் பட்டத்தை வென்றார். அதன் பிறகு சில ஆண்டுகள் எல்லாக் கம்பெனிகளும் சக்கரத்துக்கு எப்படி இன்னும் பயணம் கொடுப்பது என்றுதான் முட்டிமோதின.

எஞ்சினில் கைவைக்கும் நேரமும் உண்டு. வளைவை விட்டு வெளியே வந்ததிலிருந்து அடுத்த பிரேக் வரை முழுதாகத் திறந்து வைத்திருந்தும் ஒருவர் முந்துகிறார் என்றால், அல்லது ஆழமான மணல், நீண்ட ஏற்றம் உள்ள ட்ராக்கிலேயே எப்போதும் ஓட்டுகிறீர்கள் என்றால், எஞ்சினைப் பற்றிப் பேசலாம். அப்போதும் பிஸ்டனில் தொடங்காதீர்கள். ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, வால்வ் இடைவெளியைச் சரிபார்த்து, பின் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) ஒரு பல் கூட்டிப் பாருங்கள், வேண்டுமானால் இரண்டு. முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தால் அது பின்னால் மூன்று, நான்கு பல் கூட்டியதற்குச் சமம், அவசரப்படவேண்டாம். ஹை கம்ப்ரஷன் பிஸ்டன் அதிக ஆக்டேன் பெட்ரோல் கேட்கும், சீக்கிரம் மாற்றச் சொல்லும். பராமரிப்பில் தவறினால் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் போகும்போது வால்வ், ஹெட், சிலிண்டர் என்று எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

கூட ஓட்டுகிறவர்கள் ஏன் எஞ்சின் என்கிறார்கள் தெரியுமா, எக்ஸாஸ்ட் போட்டால் எல்லோருக்கும் கேட்கும், ஸ்பிரிங் மாற்றினால் நாமே சொன்னால்தான் உண்டு. சத்தத்தின் மேல் அவ்வளவு ஆசை என்றால் ஸ்பிரிங் போக மிச்சமிருக்கும் பணத்தில் சைலன்சர் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், தடுக்கவில்லை. வாங்கும் முன் உங்கள் ட்ராக்கில் சத்த வரம்பு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.