வகுப்பறையில் விசுவாசம்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்தவை எல்லாம் கொங்குப் பகுதிக் கிறிஸ்தவ ஆசிரியர்களின் கேள்விகள். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டிருந்ததால் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஜெபிக்காமல் பாடம் தொடங்க எனக்கு மனசு வருவதில்லை. வகுப்பில் வாய்விட்டு ஜெபிக்கலாமா? பரீட்சை சமயத்தில் "எனக்கும் உங்க சாமிகிட்ட வேண்டிக்குங்க டீச்சர்" என்று பிள்ளைகளே வந்து கேட்கிறார்கள். (கோபி வட்டாரம்)

வாய்விட்டு வேண்டாம். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது என்று அரசியல் சாசனத்தின் 28(1) பிரிவு சொல்கிறது. அப்படி ஒரு பிரிவு இல்லையென்றாலும் எங்கள் பதில் இதுதான். சபையில் பிரசங்கம் பிடிக்காதவர் எழுந்து வெளியே போகலாம். உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் எட்டு வயதுப் பிள்ளையால் போக முடியாது. டீச்சருக்குப் பிடிக்குமே என்று அது கண்ணை மூடிக் கை கூப்பும். அந்தக் கூப்பிய கையை விசுவாசம் என்று எடுத்துக்கொள்வது பிள்ளைக்கும் நியாயமில்லை, ஆண்டவருக்கும் நியாயமில்லை.

மௌனமாக ஜெபிக்க எந்தத் தடையும் கிடையாது. அதற்கு வருகைப் பதிவேடே போதும். முதல் மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால் வந்துவிடுங்கள். வகுப்பில் நாற்பது பேர் என்றால் ஒரு நாளைக்கு எட்டுப் பெயர். திங்கள் தொடங்கி வெள்ளியில் முடிந்துவிடும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரே ஒரு குறிப்பான காரியம் போதும்: மூன்று நாளாக வரவில்லை, வகுத்தலில் மீதியை எழுத மறக்கிறான், அம்மா பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறார். இதில் எதையும் பதிவேட்டில் குறித்து வைக்காதீர்கள். அது அலுவலக ஆவணம், நாலு பேர் கையில் போகும். தனி நோட்டும் வேண்டாம்; ஒரு குடும்பத்து ரகசியம் மேசை மேல் கிடக்கக் கூடாது.

சில பெயருக்கு எதுவுமே நினைவுக்கு வராது. பெரும்பாலும் நடு பெஞ்சில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளாக இருக்கும். அப்படி ஒரு பெயர் வந்தால், அந்தப் பிள்ளையை நீங்கள் இன்னும் கவனிக்கவில்லை என்று பொருள். அன்றைய முதல் கேள்வியை அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள். மதியம் சாப்பிடும்போது பக்கத்தில் போய் நில்லுங்கள். இந்தப் பழக்கத்தில் எங்களுக்குப் பெரிதாகப் படுவது இந்தப் பலன்தான்.

இது எங்கே கெடும் என்றால், கொஞ்ச நாளில் "உனக்காக தினமும் ஜெபிக்கிறேன் தெரியுமா" என்று சொல்லத் தோன்றும். சொன்ன அன்றே அது பிள்ளையின் தலையில் கடனாக ஏறிவிடும். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபி என்கிற மத்தேயு 6ஆம் அதிகாரம் ஆசிரியர்களுக்கென்றே சொன்னது போல இருக்கிறது.

பிள்ளை தானாகக் கேட்டால், "சரி கண்ணு, வேண்டிக்கறேன். ஏழாம் வாய்ப்பாட இன்னொருக்காச் சொல்லிப் பாத்துக்கோ" என்பதோடு நிறுத்துங்கள். தலையில் கை வைப்பது, வசன அட்டை, பரிசோடு சேர்த்துப் புதிய ஏற்பாடு, டிசம்பரில் சபைக் காலண்டர், இவை எதுவும் வேண்டாம். "நீங்க ஏன் டீச்சர் பொட்டு வெக்கறதில்ல?" என்று கேட்டால் "எங்க வீட்டுப் பழக்கம் அப்படி" என்று ஒரு வரியில் உண்மையைச் சொல்லுங்கள். கேட்கிறவருக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று 1 பேதுரு 3:15 சொல்வது உண்மை. பெரியவர் ஒருவர் பள்ளிக்கு வெளியே உங்களிடம் கேட்டால் தாராளமாகப் பேசுங்கள்.

சபையில் தெரிந்தவர்கள் பிள்ளை என் +2 வகுப்பில் இருக்கிறான். "நம்ம பையன், பாத்துப் போடுங்க" என்கிறார்கள். நான் நேர்மையாகத்தான் போடுகிறேன். ஆனாலும் பேப்பரைத் திருத்தும்போது மனசு உறுத்துகிறது. (ஈரோடு)

கேட்டவர்களுக்குப் பதில் சுலபம்: "அகமதிப்பீடு பத்து மார்க்குக்கும் வருகை, தேர்வு, ஒப்படைப்புன்னு கணக்கு இருக்குங்க. கணக்குல வர்றதுதான் வரும்." சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள்.

உறுத்தலுக்குத்தான் வேலை அதிகம். மனசு நேர்மையாக இருந்தால் மட்டும் மதிப்பெண் நேர்மையாக வந்துவிடாது. திருத்தும் முறையும் நேராக இருக்க வேண்டும். நன்றாக எழுதிய ஒரு பேப்பருக்கு அடுத்து வருகிற சுமாரான பேப்பர் மோசமாகத் தெரியும். மோசமான ஒன்றுக்கு அடுத்து வந்தால் அதே பேப்பர் நன்றாகத் தெரியும். கட்டின் தொடக்கத்தில் கறாராக இருக்கும் கை, கடைசியில் ஒன்று தளரும், இல்லையென்றால் எரிச்சலில் இறுகும். பெயரைப் பார்த்ததுமே 'இவன் எழுதியிருப்பான்' என்று மனசு பாதி மார்க்கைப் போட்டுவிடும்.

ஆகவே பேனாவைத் தொடுமுன் விடைக்குறிப்பை எழுதி முடியுங்கள். ஐந்து மார்க் கேள்வி என்றால் எந்தப் படிக்கு ஒன்று, படத்துக்கு எத்தனை, அலகு எழுதாவிட்டால் அரையா ஒன்றா என்பது வரை. எல்லாப் பேப்பரிலும் முதல் பக்கத்தைப் பின்னால் மடித்துக் கிளிப் போடுங்கள். ஒரு பேப்பரை முழுதாகத் திருத்திவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள். 26ஆம் கேள்வியை நாற்பத்தைந்து பேப்பரிலும் முடித்துவிட்டு, கட்டைக் கலைத்து அடுக்கி, பிறகு 27ஆம் கேள்விக்குப் போங்கள். முதல் ஐந்து பேப்பருக்குப் பென்சிலில் போட்டு வையுங்கள். கடைசிப் பேப்பர் முடிந்ததும் திரும்பி வந்து பார்த்தால் அதில் ஒன்றிரண்டாவது மாறும். நீங்கள் நினைக்காத விடை ஒன்று சரி என்று பாதியில் தோன்றினால், அதைக் குறிப்பில் சேர்த்துவிட்டு, முன்னால் திருத்தியவற்றிலும் தேடிப் போடுங்கள். கூட்டலைக் கேள்விவாரியாக ஒரு முறை, பக்கவாரியாக ஒரு முறை போடுங்கள். இரண்டும் ஒத்துவர வேண்டும். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் கேள்விவாரியாகப் போகும்போது ஒரே பிள்ளையின் மேல் உள்ள எண்ணம் பேப்பர் முழுக்கப் பரவாது.

பையில் பெரிதும் சிறிதுமாக எடைக்கல் வைத்திருக்காதே என்கிறது உபாகமம் 25:13. சபைப் பிள்ளைக்கு ஒரு கல், மற்றப் பிள்ளைக்கு ஒரு கல் என்றால் அது எல்லோருக்கும் தெரிகிற குற்றம். தெரியாத இன்னொன்று உண்டு: 'பாரபட்சம் என்று சொல்லிவிடுவார்களோ' என்ற பயத்தில் சபைப் பிள்ளைக்கு மட்டும் ஒரு மார்க் குறைத்துப் போடுவது. அதுவும் அந்தப் பையில் உள்ள இரண்டாவது கல்தான். உங்கள் உறுத்தல் இந்த இடத்திலிருந்து வருகிறதா என்று பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வுப் பணி போடுகிறார்கள். ஆராதனை தவறுகிறது. (சேலம்)

போய் வேலையைச் செய்யுங்கள். கத்தோலிக்கர் என்றால் முந்தின நாள் மாலைத் திருப்பலி ஞாயிறு கடமைக்குக் கணக்காகும். திருச்சபைச் சட்டம் 1248 அதைச் சொல்கிறது. மற்றச் சபையினர் அதிகாலை ஆராதனையோ மாலை ஆராதனையோ எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். ஹால் டியூட்டியில் வேதாகமம் விரித்து வைப்பது வேண்டாம். அந்த மூன்று மணி நேரமும் தேர்வு எழுதுகிறவர்களுக்குரியது.

பத்தாம் வகுப்பு அறிவியலில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' பாடம் வருகிறது. ஆதியாகமத்தை நம்புகிற நான் எப்படி நடத்துவது? இதுவரை மேலோட்டமாகச் சொல்லிவிட்டு "பரீட்சைக்குப் படிச்சுக்குங்க" என்று விட்டுவிடுகிறேன். (பல்லடம்)

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும். அரைகுறையாக நடத்தினால் உங்கள் நம்பிக்கைக்கு ஒன்றும் கூடிவிடாது; பிள்ளைக்கு மார்க்கும் போகும், தெளிவும் போகும்.

பாடத்தில் பிள்ளைகள் இடறுகிற இடம் மூன்று. முதலாவது, அமைப்பொத்த உறுப்பும் செயலொத்த உறுப்பும். வௌவால் இறக்கை இரண்டு பக்கமும் உதாரணமாக வருவதால்தான் குழப்பம். மனிதக் கையோடு ஒப்பிட்டால் எலும்பு அமைப்பு ஒன்று, வேலை வேறு: அது அமைப்பொத்தது. பூச்சி இறக்கையோடு ஒப்பிட்டால் வேலை ஒன்று, அமைப்பு வேறு: அது செயலொத்தது. இதைக் கையில் காட்டலாம். கறிக்கடையில் ஒரு கோழி இறக்கை வாங்கி, வேகவைத்து, சதையை எடுத்துவிட்டு எலும்பைக் காய வைத்துக் கொண்டு போங்கள். மேலே ஒற்றை எலும்பு, நடுவில் இரண்டு, நுனியில் ஒட்டிப்போன சின்ன எலும்புகள். பிள்ளைகள் தங்கள் கையைத் தடவிப் பார்த்துத் தாங்களே சொல்லிவிடுவார்கள்.

இரண்டாவது, ஒட்டகச்சிவிங்கி. எட்டி எட்டி மேய்ந்ததால் கழுத்து நீண்டு, அது குட்டிக்கும் வந்தது என்பது லாமார்க். கழுத்து நீளம் ஏற்கெனவே ஒன்றுக்கொன்று வேறுபட்டிருந்தது, நீளமானவை பிழைத்து அதிகக் குட்டி போட்டன என்பது டார்வின். முதல் விடையை எழுதி டார்வின் பெயரைப் போடுகிறவர்களே அதிகம். மூன்றாவது, 'குரங்கிலிருந்து மனுசன் வந்தான்'. பொதுவான ஒரு மூதாதையிடமிருந்து இரண்டு கிளையாகப் பிரிந்தன என்பதுதான் பாடம்.

நம்பிக்கையைப் பற்றி: கிறிஸ்தவர்களிலேயே ஆதியாகமத்தின் முதல் அதிகாரங்களை வாசிக்கும் விதம் ஒன்றல்ல. ஆறு நாளை இருபத்து நாலு மணி நேர நாளாக எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்பதை விடாமல், மனித உடலின் தோற்றத்தை அறிவியல் ஆராயலாம் என்று 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் எழுதினார். அதே அறிவியல் புத்தகத்தில் மரபியல் பாடத்தில் வருகிற மெண்டல் ஓர் அகுஸ்தீன் சபைத் துறவி. 1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் பட்டாணி வளர்த்து எண்ணியவர். நெட்டை 787, குட்டை 277 என்ற அவருடைய எண்ணைக் கரும்பலகையில் எழுதி வகுக்கச் சொல்லுங்கள். 2.84 வரும். நெட்டைக்கும் குட்டைக்கும் 3:1 என்ற விகிதம் அச்சாக வராது, நெருங்கி வரும் என்பது அப்போது புரியும்.

"பைபிள்ல வேற மாதிரி இருக்குதே மிஸ்?" என்று ஒரு பிள்ளை கேட்டால், "அத வாசிக்கறதுல சபைக்குள்ளயே பல கருத்து இருக்குது, உங்க சபை ஐயர்கிட்ட கேளு. இந்தப் பாடத்துல ஆதாரம் என்ன சொல்லுதுன்னு இப்பப் பாக்கலாம்" என்று சொல்லுங்கள். உங்கள் சொந்தக் கருத்தை அங்கே வைக்காதீர்கள். மார்க் போடுகிறவர் நீங்கள் என்பதால் பிள்ளைக்கு அது கருத்தாகக் கேட்காது, விடையாகக் கேட்கும்.

எங்களுடையது உதவி பெறும் கிறிஸ்தவப் பள்ளி. தை மாதம் பழனிக்கு மாலை போட்ட பையன்கள் காலை ஜெபத்தில் நிற்கிறார்கள். வேதபாட வகுப்புக்கும் அனுப்பலாமா? போய் வந்து பஞ்சாமிர்தம் நீட்டினால் என்ன செய்வது? (தாராபுரம்)

சிறுபான்மையினருக்குப் பள்ளி நடத்தும் உரிமையை அரசியல் சாசனத்தின் 30(1) பிரிவு தருகிறது. உதவி பெறும் பள்ளியிலோ, அரசு அங்கீகாரம் மட்டும் பெற்ற பள்ளியிலோ, பெற்றோர் சம்மதமில்லாமல் சிறுவரைச் சமய போதனைக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 28(3). ஆகவே சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். சேர்க்கைப் படிவத்தின் கடைசியில் பொடி எழுத்தில் போடாமல் தனித் தாளில், தமிழில், 'சம்மதம்', 'சம்மதமில்லை' என்று இரண்டு கட்டம் போட்டு, இது சேர்க்கையைப் பாதிக்காது என்று ஒரு வரி சேர்த்து வாங்குங்கள். சேர்க்கை முடிந்தபின் வாங்குவது இன்னும் நல்லது. இடம் கிடைக்குமோ என்ற பயத்தில் போட்ட கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல முடியாது.

சம்மதமில்லாத பிள்ளைக்கு அதே நேரத்தில் ஓர் ஆசிரியரோடு நன்னெறி வகுப்பு நடக்க வேண்டும். மைதானம் பெருக்கவோ வராந்தாவில் நிற்கவோ அனுப்பினால் அது தண்டனை. மாலை போட்டவன் செருப்பில்லாமல், பச்சை வேட்டியோடு வந்தால் அந்த நாட்களுக்குச் சீருடையில் விட்டுக்கொடுங்கள். சத்துணவில் முட்டை வேண்டாம் என்றால் வாழைப்பழம் கொடுக்க வழியிருக்கிறது. தைப்பூசம் 2021 முதல் அரசு விடுமுறை. ஆனால் பாதயாத்திரைக்கு முன்னும் பின்னும் நாள் போகும். அந்த வாரம் தேர்வு வைக்காமல், விட்டுப்போன பாடத்துக்கு ஒரு பயிற்சித்தாள் தயாராக வையுங்கள்.

பஞ்சாமிர்தத்தை இரண்டு கையாலும் வாங்குங்கள். உண்பதா வேண்டாமா என்பது அவரவர் மனசாட்சி. 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்களில் பவுல் இதை நிதானமாகப் பேசுகிறார், அதற்காக எவரையும் இடறவிடாதே என்றும் சொல்கிறார். உண்ணாதவர் வாங்கி வைத்து, உண்பவருக்குக் கொடுக்கலாம். நாற்பது பேர் முன்னால் "நாங்க சாப்பிட மாட்டோம்" என்று கையைப் பின்னால் இழுப்பதுதான் தவறு. நடந்து போய் வந்தவன் உங்களையும் நினைத்துக் கொண்டுவந்திருக்கிறான்.

வீட்டுப்பாடம் எழுதாமல் வருகிறார்கள். "கண்ணு ரெண்டத் தவிர மத்ததெல்லாம் உரிச்சுப்போடுங்க சார்" என்று பெற்றோரே சொல்கிறார்கள். பிரம்பைக் கையாடாதவன் மகனைப் பகைக்கிறான் என்று நீதிமொழிகள் 13:24இலும் இருக்கிறதே? (திருப்பூர்)

அந்த வசனம் தகப்பனிடம் மகனைப் பற்றிச் சொன்னது. ஊரார் பிள்ளை மேல் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்குக் கொடுத்த அனுமதி ஆகாது. தகப்பனுக்கே எபேசியர் 6:4, பிள்ளையைக் கோபப்படுத்தாதே என்று எல்லை போடுகிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009, 17ஆம் பிரிவு உடல் தண்டனை, மன உளைச்சல் தருவது இரண்டையும் தடை செய்கிறது. மீறினால் துறை நடவடிக்கை. பெற்றோர் சொன்னார்கள் என்பது அங்கே செல்லாது. முட்டி போட வைப்பது, அப்பன் தொழிலைச் சொல்லித் திட்டுவது எல்லாம் இதில் அடங்கும்.

மூன்று நாள் தொடர்ந்து எழுதாத பிள்ளையை மதியம் தனியாகக் கூப்பிட்டு நாலு கேள்வி கேளுங்கள்: சாயங்காலம் வீட்டில் யார் இருக்கிறார்கள், எங்கே உட்கார்ந்து எழுதுகிறாய், எத்தனை மணிக்குத் தூங்குகிறாய், நோட்டு இருக்கிறதா. உங்கள் ஊரில் அப்பா அம்மா இருவரும் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிஃப்ட் முடித்து ராத்திரி வரும் வீடுகள் எத்தனையோ. தம்பி தங்கைக்குச் சோறு போடுவது இந்தப் பிள்ளையாகவே இருக்கும். வீட்டிலேயே விசைத்தறி ஓடினால் சத்தத்தில் தூக்கமும் போச்சு. ஒடிசா, பீகாரிலிருந்து வந்த பிள்ளை என்றால் நீங்கள் சொன்ன வீட்டுப்பாடமே புரியாமல் இருக்கலாம். கரும்பலகையில் எழுதி, பக்கத்துப் பிள்ளையை விளக்கச் சொல்லுங்கள்.

காரணம் தெரிந்ததும் பாதி வீட்டுப்பாடம் கொடுத்து, காலை இறைவணக்கத்துக்கு முன் இருபது நிமிஷம் வகுப்பிலேயே எழுத இடம் கொடுங்கள். இரண்டு வாரம் கழித்து அளவைக் கூட்டலாம். இதற்கு முன் வகுப்பு முன்னால் அடித்திருந்தால், அதே வகுப்பு முன்னால் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்கள். உரிக்கச் சொன்ன பெற்றோரிடம், "அடிச்சா ரெண்டு நாளைக்கு எழுதுவானுங்க, மூணாம் நாளு பள்ளிக்கூடத்துக்கே வர மாட்டானுங்க. நீங்க வந்ததும் நோட்ட மட்டும் ஒருக்காத் திறந்து பாருங்க, படிக்கத் தெரியாட்டியும் பரவால்லைங்க" என்று சொல்லிப் பாருங்கள். பேச நேரம் கிடைக்காதவர்களை வேலை நேரத்தில் போனில் அழைக்காமல் ஞாயிறு மதியத்துக்கு மேல் அழையுங்கள்.