ஊர்வலம் போக யாரைக் கேட்க வேண்டும்?

கேள்வி: எங்கள் பகுதி ஏரி ஆக்கிரமிப்பைக் கண்டித்து ஊர்வலம் போக மனு கொடுத்தோம். 'சட்டம் ஒழுங்கு பாதிக்கப்படும்' என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். எதிர்த்தரப்பு 'நாங்களும் வருவோம், பார்த்துக்கொள்ளலாம்' என்று மிரட்டியதுதான் காரணம் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். அமைதியாகப் போக நினைத்த எங்களுக்குத் தடை, மிரட்டியவர்களுக்கு ஒன்றும் இல்லை. இது என்ன நியாயம்?

பதில்: நியாயமே இல்லை. முதலில் அந்த ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். கூடுவதற்கான உரிமையைத் தரும் அரசியலமைப்பின் 19(1)(b), 'அமைதியாகவும் ஆயுதமின்றியும்' என்ற இரண்டு நிபந்தனைகளைத்தான் வைக்கிறது. அதைக் கட்டுப்படுத்த 19(3) அனுமதிக்கும் காரணங்கள் நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, அப்புறம் பொது ஒழுங்கு. 'சட்டம் ஒழுங்கு' என்ற சொல் அங்கே கிடையாது. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும், ஆனால் ஒன்றில்லை. ராம் மனோகர் லோகியா வழக்கில் 1965-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி இதயத்துல்லா இதை மூன்று வட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு, அதற்குள் சிறியது பொது ஒழுங்கு, அதற்கும் உள்ளே நாட்டின் பாதுகாப்பு. தெருமுனையில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டால் அது முதல் வட்டத்தோடு நின்றுவிடும். ஊர் மக்களின் அன்றாட வாழ்க்கையே குலையும் அளவுக்குப் போனால்தான் இரண்டாவது வட்டம். உங்களுக்கு வந்த கடிதம் முதல் வட்டத்தைக் காட்டி, இரண்டாவது வட்டத்துக்கு மட்டுமே உள்ள அதிகாரத்தைப் பயன்படுத்துகிறது. வக்கீலிடம் போனால் அவர் முதலில் கை வைக்கும் இடம் இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தது மிரட்டல். இது நேற்று முளைத்த பிரச்சினை இல்லை. 1882-ல் இங்கிலாந்தில் வெஸ்டன் சூப்பர் மேர் என்ற ஊரில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பைச் சேர்ந்தவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு ஊர்வலம் போவார்கள், அவர்களை அடிப்பதற்கென்றே 'எலும்புக்கூட்டுப் படை' என்ற பெயரில் ஒரு கும்பல் கிளம்பி வரும். கலவரத்துக்கு நீங்கள்தான் காரணம் என்று ஊர்வலம் போனவர்கள் மீதே நடவடிக்கை எடுத்தார்கள். மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டப்படி நடக்கும் ஒருவரைப் பார்த்து இன்னொருவர் சட்டத்தை மீறினால், முதல் ஆள் குற்றவாளி ஆகிவிட மாட்டார் என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் சேலத்தையே பார்க்கலாம். மசூதி இருக்கும் தெருவில் மேளதாளத்தோடு கோயில் ஊர்வலம் போவது பற்றிய வழக்கில் 1883-ல் சென்னை உயர் நீதிமன்றம் என்ன சொன்னது? தெரு எல்லோருக்கும் பொது, உரிமை உள்ளவருக்கு அதிகாரிகள் முழுப் பாதுகாப்பு கொடுக்க வேண்டும், உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து என்று வரும்போது மட்டுமே அந்த உரிமையில் குறுக்கிடலாம். இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துத் தீர்ப்பு. கிட்டத்தட்ட 140 வருடம் கழித்து, 2021-ல், பெரம்பலூர் மாவட்டம் வி.களத்தூர் கோயில் ஊர்வல வழக்கில் அதே உயர் நீதிமன்றம் அதே விஷயத்தை மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு தெருவில் எந்த மதத்துக்காரர் அதிகம் என்பதை வைத்து அந்தத் தெரு யாருக்கும் சொந்தமாகாது.

ஆனால் இந்த விதியை அப்படியே கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொள்ளவும் முடியாது. நிஜமாகவே ஆயிரம் பேர் கட்டையோடு திரண்டு நிற்கிறார்கள், ஸ்டேஷனில் இருப்பது முப்பது போலீஸ், வெளியூரிலிருந்து ஆள் வர ஒரு நாள் ஆகும் என்றால் 'இன்று வேண்டாம்' என்று அதிகாரி சொல்வதில் தப்பில்லை. ஆபத்து வருமுன் தடுக்கும் அதிகாரம் செல்லும் என்று பாபுலால் பராத்தே வழக்கில் உச்ச நீதிமன்றமும் 1961-லேயே சொல்லிவிட்டது. ஆனால் 'இன்று வேண்டாம்' வேறு, 'என்றைக்குமே வேண்டாம்' வேறு. தேதியை மாற்றலாம், பாதையை மாற்றலாம், இரண்டு தரப்புக்கும் வேறு வேறு நேரம் கொடுக்கலாம், மிரட்டியவர்களைக் கூப்பிட்டு எழுதி வாங்கலாம். இத்தனையையும் யோசித்துப் பார்த்தோம், எதுவும் நடக்கிற காரியமாக இல்லை என்று காரணத்தோடு எழுதியிருந்தால் நானும் கொஞ்சம் யோசிப்பேன். ஒரே வரி மறுப்பில் அந்த யோசனையின் சுவடுகூட இல்லை. அதோடு விபரீதமான விளைவு ஒன்றும் இருக்கிறது. மிரட்டினால் தடை கிடைக்கும் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அடுத்த முறை உங்கள் எதிர்த்தரப்பு இன்னும் சத்தமாக மிரட்டும். அப்புறம் ஊரில் யார் ஊர்வலம் போகலாம் என்பதை முடிவு செய்வது போலீஸ்கூட இல்லை, யாருக்கு வாய் பெரிதோ அவர்தான்.

கேள்வி: எங்கள் ஊரில் எப்போது பார்த்தாலும் '30(2) அமலில் உள்ளது' என்கிறார்கள். இதுவும் 144-ம் ஒன்றா?

பதில்: இல்லை. 30(2) என்பது 1861-ம் வருட போலீஸ் சட்டத்தின் ஒரு பிரிவு. கட்டுப்பாடு இல்லாமல் விட்டால் அமைதி கெடும் என்று கருதினால், கூட்டமோ ஊர்வலமோ நடத்துகிறவர்கள் முன்கூட்டியே லைசென்ஸ் கேட்க வேண்டும் என்று எஸ்.பி. அறிவிக்கலாம், கொடுக்கும் லைசென்ஸில் நிபந்தனை போடலாம். அவ்வளவுதான் அதன் வாசகம். அதை ஒட்டுமொத்தத் தடை மாதிரி நடத்துவது நம் ஊர்ப் பழக்கம்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-வது பிரிவுதான் தடை உத்தரவு. 2024 ஜூலை 1 முதல் அது புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 163-வது பிரிவு ஆகிவிட்டது, ஆனாலும் எல்லோர் வாயிலும் இன்னும் 144-தான். சாதாரணமாக இரண்டு மாதத்துக்கு மேல் அந்த உத்தரவு நிற்காது. மாநில அரசு நினைத்தால் மேலும் ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம். முடிய முடியப் புதிதாகப் போட்டுக்கொண்டே இருப்பதும், நியாயமான எதிர்ப்பை அடக்க இதைப் பயன்படுத்துவதும் அதிகார துஷ்பிரயோகம் என்று 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

கேள்வி: நான் மெயின் ரோட்டில் கடை வைத்திருக்கிறேன். வாரம் ஒரு கட்சி, மாதம் ஒரு சங்கம். ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். போன மாதம் ஆம்புலன்ஸ் ஒன்று இருபது நிமிடம் நின்றது. இவர்கள் உரிமை சரி, என் உரிமை?

பதில்: உங்கள் கோபத்தை நான் ஒரு வார்த்தைகூடக் குறைக்க மாட்டேன். ஊர்வலக்காரர்கள் ரொம்ப வசதியாக மறந்துவிடும் விஷயம் இது. தெரு உங்களுக்கும் பொது, ஆம்புலன்ஸில் படுத்திருப்பவருக்கும் பொது. அகமதாபாத் போலீஸ் கமிஷனருக்கு எதிரான ஹிம்மத்லால் ஷா வழக்கில் 1972-ல், எல்லாத் தெருவிலும் கூட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் அரசுக்கு இல்லை என்ற அதே உச்ச நீதிமன்றம், ஒழுங்குபடுத்தும் அதிகாரம் உண்டு என்றும் சேர்த்தே சொன்னது. முதல் பாதியை மேடையில் முழங்குகிறவர்கள் இரண்டாம் பாதியைப் படிப்பதே இல்லை. பொது வழியைக் காலவரையின்றி மறித்து உட்கார முடியாது என்று டெல்லி ஷாஹீன் பாக் போராட்டம் தொடர்பான வழக்கில் 2020 அக்டோபரில் வந்த தீர்ப்பும் இதன் தொடர்ச்சிதான்.

சாலையில் பாதியை விட்டு நடப்பது, ஆம்புலன்ஸ் வந்தால் கயிறு பிடித்து ஒதுக்க ஆட்கள், சொன்ன நேரத்தில் கிளம்பி சொன்ன நேரத்தில் முடிப்பது, இவற்றை நிபந்தனையாகப் போட்டால் யாருடைய கருத்துரிமையும் செத்துவிடாது. கூட்ட ஏற்பாடு வெறும் போக்குவரத்துப் பிரச்சினை இல்லை என்பதற்கு 2025 செப்டம்பர் 27 அன்று கரூர் பிரசாரக் கூட்ட நெரிசலில் இறந்த 41 பேரைவிட வேறு சாட்சி வேண்டாம். ஆனால் ஒன்று, நிபந்தனை எல்லாக் கட்சிக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஆளும் கட்சி என்றால் மூன்று மணி நேரம் ரோடு காலி, பத்து மாற்றுத்திறனாளிகள் மனு கொடுக்கப் போனால் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் அடைத்து சாயங்காலம் விடுவது என்றால், அதற்குப் பெயர் பொது ஒழுங்கு இல்லை.

கேள்வி: வெறுப்பைப் பரப்பும் அமைப்புகளுக்குக்கூடவா ஊர்வல உரிமை? எனக்கு இது ஜீரணமாகவில்லை.

பதில்: எனக்கும் பல ஊர்வலங்கள் ஜீரணமாவதில்லை. ஆனால் எனக்குப் பிடிக்காததை இன்று தடுக்கும் அளவுகோலை, நாளை எனக்குப் பிடித்ததன் மேலும் வைப்பார்கள். இது கற்பனை இல்லை. 2022 அக்டோபர் 2 அன்று தமிழ்நாட்டில் ஆர்.எஸ்.எஸ். அணிவகுப்புக்கு அனுமதி மறுத்தபோது, அதே நாளில் இடதுசாரிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் நடத்த இருந்த சமூக நல்லிணக்க மனிதச் சங்கிலிக்கும் சேர்த்தே மறுத்தார்கள். மனிதச் சங்கிலி அக்டோபர் 11 அன்று நடந்தது. அணிவகுப்பு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 ஏப்ரலில் மாநில அரசின் மேல்முறையீடு தள்ளுபடியானது.

பேச்சில் வன்முறையைத் தூண்டினால் வழக்குப் போடுங்கள், ஆயுதம் தூக்கினால் கைது செய்யுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். நடந்ததற்குத் தண்டனை, நடக்கலாம் என்பதற்கு பந்தோபஸ்து.

கேள்வி: அனுமதி கேட்டு மனு கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: கடைசி நிமிடத்தில் போய் நிற்காதீர்கள், கோர்ட்டுக்குப் போக வேண்டிவந்தால் அதற்கும் நாள் வேண்டும். எங்கே தொடங்கி எந்தத் தெரு வழியாக எங்கே முடியும், எத்தனை பேர், எத்தனை மணிக்கு, பொறுப்பாளர் யார், அவர் நம்பர் என்ன என்று எழுதி, மாற்றுப் பாதை ஒன்றையும் நீங்களே சொல்லிவிடுங்கள். ஆள் எண்ணிக்கையைக் கெத்துக்காகக் கூட்டிப் போடாதீர்கள், அதையே மறுப்புக்குக் காரணமாக எழுதிவிடுவார்கள். மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் ஸ்டேஷனை விட்டு நகராதீர்கள். மறுத்தால் எழுத்தில் கேளுங்கள், வாய்மொழி மறுப்பை வைத்துக்கொண்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவது சிரமம்.