கட்டத்துக்குள் கரை

கேள்வி (நிலாவெளி வாசகி): குறுக்கெழுத்தில் ‘கடலுக்கும் சேலைக்கும் உண்டு (2)’ என்ற குறிப்புக்குக் ‘கறை’ என்று நிரப்பினேன். மேலிருந்து கீழ்ச் சொல் பொருந்தவில்லை. வேறொரு போட்டியில் ‘காகம் செய்வது (2)’ என்று வந்தது. அதற்கும் இதே விடைதானா?

பதில்: முதலாவதற்கு விடை கரை. சேலையில் கறையும் படியும் என்பதால் சறுக்கியிருக்கிறீர்கள். கடலுக்குக் கறை ஏது? இரண்டு பொருளும் ஒருசேர ஒத்துவந்தால்தான் விடை. வல்லின றகரம் வேண்டுமென்றால் குறிப்பு இப்படி வரும்: ‘வேட்டியில் பட்டால் குறை, நீலகண்டன் மிடற்றில் அடையாளம் (2)’. கறைமிடறன் என்பது சிவன் பெயர். சிவன் கோணேசராக இருக்கும் திருகோணமலை ஊர்க்காரருக்கு இது இலேசு. ரையா, றையா என்று ஐயம் வந்தால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, அதன் வழியே இறங்கும் சொல்லை முதலில் கண்டுபிடியுங்கள். ‘திரைகடல்’ என்றால் ரை, ‘அறைகூவல்’ என்றால் றை.

காகக் குறிப்பு பிழை. ‘செய்வது’ என்று கேட்டால் விடை தொழிற்பெயராக இருக்கவேண்டும்: கரைதல், நான்கு கட்டம். இரண்டு கட்டக் கரைக்குப் பெயர்ச்சொல் குறிப்பு கொடுக்கலாம், அல்லது ‘புளியை இப்படிச் செய்’ என்று ஏவலாகக் கேட்கலாம். கரைதலுக்கு அழைத்தல் என்றும் பொருளுண்டு. ‘காக்கை கரவா கரைந்துண்ணும்’ என்ற குறளில் (527) காகம் தன் இனத்தைக் கூப்பிட்டு உண்கிறது. உப்பு தானாகக் கரைந்து போகும், புளியை நாம் கரைத்து ஊற்றுவோம். இரண்டுக்கும் நான்கு கட்டம், மாறுவது மூன்றாம் எழுத்து மட்டுமே. ஆகவே ‘தானாக’ என்ற சொல் குறிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி (மூதூர் வாசகர்): நம் மாவட்டத் தலைநகருக்கு எத்தனை கட்டம்?

பதில்: திருகோணமலை 6, ககர ஒற்றோடு திருக்கோணமலை 7. சம்பந்தர் தேவாரத்துக் கோணமாமலைக்கு 5. பேச்சில் வரும் திருமலைக்கு 4, ஆனால் தமிழகப் போட்டியென்றால் அந்த நான்கு கட்டம் திருப்பதி மலைக்குப் போய்விடும். எண்ணிக்கை போடாத குறிப்பை நம்பிப் பேனையால் எழுதாதீர்கள்.

கேள்வி (கிண்ணியா ஆசிரியை): மாணவருக்குக் கணினியில் புதிர் அமைக்கிறேன். எழுத்தெண்ணும் சூத்திரம் திருகோணமலைக்கு 10 காட்டுகிறதே?

பதில்: யுனிகோட்டில் ‘தி’ என்பது த, ி என இரண்டு குறியீடு. மொத்தத்திலிருந்து உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் கழியுங்கள். இங்கே ி, ு, ோ, ை நான்கு; 10இல் 4 போக 6. பழைய கோப்புகளில் ‘ோ’ சிலவேளை ே, ா என்று பிரிந்து கிடக்கும். அப்போது 11 காட்டும், கழிக்க வேண்டியதும் 5 ஆகும். க்ஷ, ஸ்ரீ வரும் சொற்களுக்கு இந்தக் கணக்குச் சரிவராது, கையால் எண்ணுங்கள்.