அப்பாவின் இரண்டு ரிப்போர்ட்டும் ஒரே சோதனை அல்ல

தம்பி, அப்பாவின் இதயத்துக்கான இரத்தச் சோதனையில் மூன்று மாதத்துக்கு முன் 2400, இப்போது வெள்ளவத்தை லேபில் 610, இதயம் தேறிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். ரிப்போர்ட்டுகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலாவது என்டி-ப்ரோபிஎன்பி, மற்றது வெறும் பிஎன்பி. இதயம் சிரமப்படும்போது இரத்தத்தில் ஏறும் இரண்டு வெவ்வேறு பொருட்கள் அவை. இரண்டையும் ஒப்பிடவே கூடாது. அதோடு அவர் எடுக்கும் சகுபிட்ரில்-வால்சார்ட்டன் குளிசை பிஎன்பியை உடைக்கும் நொதியைத் தடுப்பதால், அந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். என்டி-ப்ரோபிஎன்பியில் அந்தச் சிக்கல் இல்லை. பழைய சோதனையையே, முடிந்தால் அதே லேபில், திரும்பச் செய்யுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் சோதனையும் பாருங்கள், சிறுநீரகம் தளர்ந்தாலும் என்டி-ப்ரோபிஎன்பி ஏறும். ஆனால் இரவில் மூன்று தலையணை வைத்துப் படுக்கிறார், மூன்று நாளில் 2 கிலோ கூடியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, உடலில் நீர் தேங்குவதாக இருக்கலாம், அதுதான் எனக்குக் கவலை. ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே வைத்தியரிடம் கூட்டிப்போங்கள்.