மகள் வைரஸ் ஆராய்ச்சிக்குப் போகலாமா?

அன்புள்ள அம்மா,

"வைரஸிலிருந்து ஒரு மரபணுவை நீக்கிவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைதான். ஆக்ஸ்போர்டு-அஸ்ட்ராஜெனெகா கொரோனா தடுப்பூசி அப்படி மரபணு நீக்கப்பட்ட ஒரு சிம்பன்சி அடினோவைரஸில்தான் (சளி போன்ற நோய்களைத் தரும் வைரஸ் வகை) உருவானது.

அடினோவைரஸின் டிஎன்ஏவில் சுமார் 36,000 எழுத்து இணைகள் உண்டு. செல்லுக்குள் போனதும் முதலில் விழித்துக்கொள்வது இ1ஏ என்ற மரபணு. அதை நீக்கினாலும் வைரஸ் உள்ளே நுழைந்துவிடும். ஆனால் அடுத்து இயங்க வேண்டிய மரபணுக்கள் பெரும்பாலும் எழுவதில்லை. டிஎன்ஏவை நகலெடுக்கும் புரதங்கள் அவற்றிலிருந்துதான் வர வேண்டும்; ஆகவே நகலாக்கமும் முடங்குகிறது. அதே வைரஸை 1973இல் உருவாக்கப்பட்ட, '293' என்று பெயரிட்ட மனிதச் செல்களில் விட்டால் நன்றாக வளர்கிறது. நீக்கிய பகுதி அந்தச் செல்களிலேயே இருப்பதுதான் காரணம்.

எல்லா நீக்கங்களையும் இப்படிச் சரிக்கட்ட முடியாது. சாவி தொலைந்தால் மாற்றுச் சாவி போதும். பூட்டில் துளையே இல்லையென்றால் எந்தச் சாவியும் உதவாது. நகலாக்கம் தொடங்குகிற டிஎன்ஏ முனைகளை வெட்டிவிட்டால் அந்த நிலைதான்.

உங்கள் மகளிடம் இதைக் கேளுங்கள்: "நகலாக்கம் நின்றுவிட்டது. நகலெடுக்கும் மரபணு போனதாலா, அதை எழுப்பும் மரபணு போனதாலா? எப்படிக் கண்டுபிடிப்பாய்?" விடை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. காகிதத்தை எடுத்துப் படம் போட ஆரம்பித்தால் அவளைத் தடுக்காதீர்கள்.

ஆபத்து பற்றிய உங்கள் பயம் நியாயமானது. 293 செல்லில் வளரும்போது, அபூர்வமாக, வைரஸ் இழந்த பகுதியைத் திரும்பப் பெற்று, தானாகப் பெருகத் தொடங்கிவிடுவதுண்டு. அதனால்தான் தயாரிக்கும் ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்கிறார்கள். அந்தத் தரச் சோதனையே பலருக்கு நிரந்தர வேலை. அதற்கு முதுநிலைப் பட்டம் பல இடங்களில் போதும். சொந்தமாக ஆய்வை நடத்த விரும்பினால் முனைவர் பட்டம் வேண்டும். அதற்குப் பொறுமையும் ஆண்டுகளும் பிடிக்கும், மறைக்க மாட்டேன்.

இப்போதைக்கு அவள் செல் வளர்ப்பும், டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் முறையும் கைப்பழக்கமாகக் கற்கட்டும். கூடவே கொஞ்சம் கணினி நிரலாக்கமும். மரபணு சிகிச்சை, தடுப்பூசி, நோயறிதல் என எங்கே போனாலும் இவை கேட்கப்படும்.

அந்தக் கேள்விக்கு அவள் என்ன சொன்னாள் என்று எழுதுங்கள். அதைப் பார்த்து எந்த முதுநிலைப் படிப்பு என்று பேசுவோம்.